மறு: முழுநாள் ஸ்கி பயணத்துக்கு ஒரு சொல்: 'சறுக்குலா'

குழுவினருக்கு வணக்கம்.

நம் பனிச்சறுக்குப் பயணக் கையேட்டின் சொற்பட்டியலில் இரண்டு சொற்கள்தான் இன்னும் முடிவாகாமல் நிற்கின்றன. ஒன்று, பல பள்ளத்தாக்குகளின் சறுக்குத்தடங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, எங்கும் பஸ் ஏறாமல் காலில் ஸ்கியோடேயே (பனியில் சறுக்கக் காலில் மாட்டும் நீண்ட பட்டைகள்) கடந்துபோகக்கூடிய பெரும்பரப்புக்கான சொல். இன்னொன்று, காலையில் ஓர் ஊரில் புறப்பட்டு அந்தப் பரப்பைக் கடந்து, மாலையில் அதே ஊருக்கு வந்துசேரும் முழுநாள் பயணத்துக்கான சொல். முதலாவதற்குத் 'தொடர்களம்', இரண்டாவதற்குச் 'சறுக்குலா' என்பது என் முன்மொழிவு. இந்த மடல் இழையில் வந்த சில பரிந்துரைகள் அகராதியில் அழகாக இருக்கின்றன, மலையில் கொண்டுபோய் வைத்தால் பொருந்தவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கையேட்டின் முதல் அத்தியாயமான செல்லா ரோண்டா என்ற ஸ்கி சுற்றையே எடுத்துக்கொள்வோம். வட இத்தாலியின் டோலமைட் மலைகளில் செல்லா என்ற பாறைத்திரள் தனியாக எழுந்து நிற்கிறது. உச்சி பிஸ் போயே, 3152 மீட்டர். அதைச் சுற்றி கார்டேனா, கம்போலோங்கோ, போர்தோய், செல்லா என நான்கு கணவாய்கள். கணவாய்களுக்கு நடுவே நான்கு பள்ளத்தாக்குகள். செல்வா, கொர்வாரா, அரப்பா, கனாட்செய் என்று பள்ளத்தாக்குக்கு ஓர் ஊர். எந்த ஊரில் தங்கியிருந்தாலும் அங்கிருந்தே தொடங்கி, நான்கு கணவாய்களையும் தாண்டி, அங்கேயே வந்து முடிக்கலாம். மொத்தச் சுற்று சுமார் 40 கி.மீ. அதில் சறுக்கி இறங்குவது சுமார் 26 கி.மீ., மிச்சம் ஏற்றிகளில், அதாவது மேலே கொண்டுபோகும் லிஃப்டுகளில், போகிறது. தடங்கள் பெரும்பாலும் நீலமும் சிவப்பும்தான், அதாவது எளிதும் நடுத்தரமும். ஓரளவு பழகியவர்களால் முடிகிற சுற்று இது.

மதுரையிலிருந்து எழுதிய ஐயா இந்த முழுநாள் பயணத்துக்கு 'மலைவலம்' என்றார். கிரிவலம் போகிற நாட்டில் இந்தச் சொல் எல்லோருக்கும் உடனே புரியும், அதில் சந்தேகமில்லை. சமய வாடை அடிக்கிறது என்று இங்கே ஒருவர் மறுத்தார். எனக்கு அது பெரிய தடையாகத் தெரியவில்லை. என் தடை வேறு. செல்லா ரோண்டாவை இரண்டு திசையிலும் சுற்றலாம். கடிகாரத் திசைக்கு ஆரஞ்சு நிறப் பலகை, எதிர்த்திசைக்குப் பச்சை. ஒவ்வொரு பிரிவிலும் இந்த நிறத்தைப் பார்த்துத்தான் திரும்புகிறார்கள். ஆரஞ்சு வழியில் போனால் மலை கடைசிவரை வலக்கைப் பக்கம் இருக்கும். ஐயா சொன்ன வலம் அப்படியே பொருந்தும். பச்சை வழியில் மலை இடக்கைப் பக்கம். அதையும் வலம் என்று சொன்னால் வழிகாட்டி நூலில் ஆளையே திசைமாற்றி அனுப்பிவிடுவோம். ஆகவே திசையைச் சொல்ல வலஞ்சுழி, இடஞ்சுழி என்ற பழைய இணையை வைத்துக்கொள்வோம்: 'வலஞ்சுழி வழி ஆரஞ்சு, இடஞ்சுழி வழி பச்சை.' ஐயாவின் பரிந்துரையில் இருந்த நல்ல பகுதி இதில் நிற்கிறது.

இன்னொரு சிக்கல், எல்லா முழுநாள் பயணமும் மலையைச் சுற்றுவதில்லை. பிரான்சின் மூன்று பள்ளத்தாக்குகள் பகுதியைப் பாருங்கள். 600 கி.மீ. தடங்கள். கூர்ஷெவெல் என்ற ஊரில் தங்கியிருப்பவர் நடுவிலுள்ள மேரிபெல் பள்ளத்தாக்கில் இறங்கி, ஏறி, வால் தொரான்ஸ் என்ற ஊர் வரை போகிறார். பிறகு மறுபடி மேரிபெல் வழியாகத்தான் திரும்ப வேண்டும். அது சுற்றே இல்லை, போய்வருவது. ஆகவே 'வலம்', 'சுற்று', 'வட்டம்' எதையும் பொதுச்சொல்லில் வைக்க முடியாது. உலா என்றால் இரண்டும் அடங்கும். சுற்றுலா என்ற சொல் ஏற்கெனவே வாயில் பழகியிருப்பதால் சறுக்குலாவைச் சொல்லித்தர வேண்டிய தேவையும் இல்லை. புணர்ச்சியும் இயல்பானது: சறுக்கு, உலா, சறுக்குலா.

சறுக்குதல் என்றால் தவறி விழுவது, யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோமே, என்று கேட்ட அன்பருக்கு: பனிச்சறுக்கு என்ற சொல் செய்தித்தாள்களில் நிலைத்துப் பல காலமாகிறது. அதை இப்போது கலைக்க வேண்டாம்.

அடுத்து, பரப்புக்கான சொல். 'இணைகளம்' என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். பள்ளிக் கணக்கில் இணைகோடு, இணைகரம் என்று படித்துவந்தவர்களுக்கு இணை என்றால் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் ஓடுவது. இங்கே நமக்கு வேண்டியது தொடுவது. அதோடு, இரண்டு ஸ்கியையும் ஒரே போக்கில் வைத்துத் திரும்பும் முறைக்கு 'இணைத் திருப்பம்' என்று நாமே போன மாதம் முடிவு செய்தோம். ஒரே நூலில் இணை இரண்டு பொருளில் வரக்கூடாது.

'கூட்டுக்களம்' என்பதை நான் இன்னும் உறுதியாக மறுக்கிறேன். டோலமிட்டி சூப்பர்ஸ்கி என்ற கூட்டமைப்பு 1974-இல் தொடங்கியது. இன்று 12 பகுதிகள், 1200 கி.மீ. தடங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு. ஆனால் ஒரே சீட்டு என்பதால் ஒரே களம் ஆகிவிடாது. சான் மார்ட்டினோ தி கஸ்ட்ரோட்சா என்ற ஊரும் அந்தச் சீட்டில் உண்டு. செல்லாவிலிருந்து சறுக்கிக்கொண்டே அங்கே போய்ச் சேர முடியாது, சாலையில்தான் போக வேண்டும். கூட்டு என்பது நிர்வாகம், கட்டணம் பற்றிய சொல். பயணத்தைத் திட்டமிடுகிறவருக்குத் தெரியவேண்டியது தடம் அறுபடாமல் போகிறதா என்பதுதான். அதனால்தான் 'தொடர்களம்'. மலைத்தொடர், தொடர்வண்டி என்று ஒன்றையடுத்து ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பவற்றுக்கு அந்தச் சொல் நம்மிடம் இருக்கிறது. சீட்டு விஷயம் தனிக் குறிப்பாக வரட்டும்: ஒரு பள்ளத்தாக்குக்கு மட்டும் செல்லும் சீட்டு வாங்கினால் செல்லா ரோண்டா முடியாது, சூப்பர்ஸ்கி சீட்டே வேண்டும்.

இப்போது 'ஏற்றி'. லிஃப்டுக்கு மின்தூக்கி என்று வைத்தால் படிப்பவர் மனதில் அடுக்குமாடிக் கட்டடம்தான் வரும். கம்பிவட ஊர்தி என்று பழனி ரோப் காருக்கு எழுதுகிறார்கள், கூண்டு வகைக்கு அது சரி. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து போவதும் உண்டு, இழுவையும் உண்டு. இழுவையில் தொங்கும் கம்பிக் கட்டை தொடைக்குப் பின்னால் வந்து தள்ளும். அதில் உட்காரக்கூடாது, உட்கார்ந்தால் கீழே போய்விடுவோம். ஸ்கி இரண்டும் பனியிலேயே கிடக்க, நின்றபடி மேலே இழுபட்டுப் போகிறோம். இந்த வகைகளுக்கெல்லாம் பொதுவாக 'ஏற்றி' போதும்: கூண்டேற்றி, நாற்காலியேற்றி, இழுவையேற்றி. ஒரே ஒரு இடறல், செல்லா ரோண்டாவில் கோல்ஃபோஸ்கோ என்ற ஊருக்கும் கொர்வாராவுக்கும் நடுவே வருகிறது. அங்கே நிலம் ஏறக்குறைய சமம், சறுக்க வழியில்லை, ஏற்றியில் உட்கார்ந்துதான் கடக்க வேண்டும். உயரம் ஏற்றாத ஏற்றி. அதை 'இணைப்பேற்றி' என்று தனியே குறிக்கலாம். திட்டமிடும்போது இதுபோன்ற இடங்கள்தான் நேரத்தைத் தின்னும். வேகமாகச் சறுக்குகிறவரும் இங்கே மற்றவர்களோடு வரிசையில் நின்றே ஆக வேண்டும்.

இதனால்தான் சறுக்குலாவின் வரையறையில் நேரம் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்கிறேன். இழையில் வந்த வரையறைகள் எல்லாம் தூரத்தையே பேசின. சறுக்குலாவை நடத்துவது கடைசி ஏற்றி நிற்கும் நேரம். செல்லா ரோண்டாவில் காலை 10 மணிக்குள் புறப்படச் சொல்கிறார்கள். கடைசிக் கணவாயைப் பிற்பகல் 3.30-க்குள் தாண்டிவிட வேண்டும். தாண்டாவிட்டால் வேறொரு பள்ளத்தாக்கில், வேறொரு ஊரில், ஸ்கி பூட்ஸ் காலோடு டாக்சி தேட வேண்டியிருக்கும். வால் தொரான்ஸில் மாட்டிக்கொண்டவர் நிலை இன்னும் மோசம்: சாலை வழியே கீழேயுள்ள மூத்தியே என்ற ஊர் வரை இறங்கி, அங்கிருந்து மறுபடி கூர்ஷெவெல்லுக்கு ஏற வேண்டும். மேலே சில ஏற்றிகள் தூரத்தில் இருக்கும் ஊர், கீழே சாலையில் நீண்ட பயணமாகிவிடும்.

ஆகவே திட்டம் மாலையிலிருந்து பின்னோக்கிப் போடப்படுகிறது. கடைசி ஏற்றி எப்போது, அதற்கு முந்தைய கணவாயில் எப்போது இருக்க வேண்டும், அப்புறம் சாப்பாட்டுக்கு எவ்வளவு மிச்சம், என்று. வேகத்தைக் குழுவில் மெதுவாகப் போகிறவரை வைத்தே கணக்கிட வேண்டும். காற்று பலமாக அடித்தால் கணவாய் ஏற்றிகளை நிறுத்திவிடுவார்கள், அதற்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும். அரப்பாவிலிருந்து பக்கத்து மலையான மர்மோலாடாவுக்கு ஒரு கிளை போகலாமே என்று ஆசை வரும். காலையிலேயே நேரம் கையில் இருந்தால் மட்டும் போகலாம்.

இதற்கு ஒரு துணைச்சொல் தேவைப்படுகிறது: இதற்கு மேல் போவதா, திரும்புவதா என்று முடிவெடுக்கும் இடம். 'மீளிடம்' என்று வைத்திருக்கிறேன். போய்வரும் உலாவில் அதன் பொருள் நேரடியானது. சுற்றில் கொஞ்சம் வேறு மாதிரி: பாதியில் திரும்புவதும் தொடர்வதும் ஒரே தூரம், தாண்டியபின் திரும்புவதுதான் அதிக தூரம், அதனால் மீளிடம் பாதிக்கு முன்னாலேயே வந்துவிடும். கையேட்டில் ஒவ்வொரு வழிக்கும் மீளிடத்தையும் அதற்கான நேரத்தையும் வரைபடத்திலேயே குறித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

ஊர்ப்பெயர்கள் பற்றி ஒரு வரி. செல்லாவைச் சுற்றி லதின் (அந்த மலைப்பகுதியின் சொந்த மொழி), ஜெர்மன், இத்தாலியன் என்று மூன்று மொழிகள். செல்வாவே ஜெர்மனில் வொல்கென்ஸ்டைன். பலகையில் இரண்டும் இருக்கும் என்பதால் முதல் முறை வரும்போது இரண்டையும் தந்துவிடுவோம்.

மிச்சமிருப்பது, நடந்தே மலையேறிச் சறுக்குவதற்கும் இதே சொல்லா என்று சியாட்டில் அன்பர் எழுப்பிய கேள்வி. ஏற்றியே இல்லாமல், ஸ்கியின் அடியில் பட்டை ஒட்டிக்கொண்டு சொந்தக் காலால் மலையேறி, பிறகு சறுக்கி இறங்குவது வேறொரு விளையாட்டு. ஆங்கிலத்தில் அதற்கும் டூர் என்றே பெயர் என்பதால் அதையும் சறுக்குலா என்று எழுத ஆரம்பித்தால் குழப்பம்தான். அதற்கு 'ஏறுசறுக்கு' என்று தனிச்சொல் வைக்கலாம். அந்தப் பட்டைக்கு முன்பு கடல்நாய்த் தோல் பயன்பட்டது, இப்போது ஆட்டுமயிரும் நைலானும். முடி ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. 'ஏறுதோல்' என்றால் போதுமா, இல்லை 'ஏறுபட்டை'யா? ஏறுசறுக்கில் பழகியவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் இரண்டாம் அத்தியாயத்தை அனுப்பிவிடலாம்.