மனுவில் எழுத வேண்டியது சேதமா, இழப்பா, பாதிப்பா?

கேள்வி (மண்டபத்திலிருந்து):
எங்கள் கடற்கரைக் கிராமத்து மீனவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். அண்மைக் காலமாக என் கைக்கு வரும் வரைவுகளில் எல்லாத் துன்பமும் ‘பாதிப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. காற்றில் நங்கூரக் கயிறு அறுந்து வள்ளம் பாறையில் மோதி உடைந்தாலும் பாதிப்பு. இரவில் விரித்திருந்த நண்டு வலையை விசைப்படகு ஒன்று அறுத்து இழுத்துச் சென்றாலும் பாதிப்பு. மீன்பாடு இல்லாமல் டீசல் காசுகூடத் திரும்பாவிட்டாலும் பாதிப்பு. சேதம், நட்டம், இழப்பு, தீங்கு, கேடு, பாதகம் என்று இத்தனை சொற்கள் நம்மிடம் இருக்க, எதை எங்கே வைப்பது முறை என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (இராமநாதபுரம், வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவன்):
ஐயா, அலுவலக வழக்கில் சேதம் என்பது கண்ணால் பார்த்து மதிப்பிடக்கூடிய பொருளுக்கு உரியது. ஆய்வுக்கு வருபவர் படகைப் பார்த்துப் ‘பகுதிச் சேதம்’ அல்லது ‘முழுச் சேதம்’ என்று குறிப்பார். தொகை அதைப் பொறுத்தே அமையும். ஆகவே ‘படகு பாதிக்கப்பட்டது’ என்று எழுதாமல், ‘முன்புறத்து அணியத்துப் பலகைகள் இரண்டு உடைந்து, எஞ்சினுக்குள் உப்புநீர் புகுந்து, படகு பகுதிச் சேதம் அடைந்தது’ என்று எழுதுங்கள்.

நட்டம் கணக்கோடு சேர்ந்த சொல். போட்ட முதல் திரும்பாதபோது அதைச் சொல்கிறோம். இழப்பு அதைவிட விரிந்தது, உயிருக்கும் பொருந்துவது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றி எழுதுவோர்கூட ‘உயிர்ச்சேதம், பொருட்சேதம்’ என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். வழக்கில் ஊன்றிவிட்டதென்றாலும் மனிதரைப் பலகையோடும் ஓட்டோடும் சேர்த்து எண்ணும் அந்தத் தொடர் எனக்கு ஒவ்வாதது. உயிரிழப்பு என்பதே தகும்.

இவற்றைவிட முக்கியமானது, மனுவின் இறுதியில் எதைக் கேட்கிறோம் என்பது. புயலுக்குப் பின் அரசு தருவது நிவாரணம். அது துயர்துடைப்பே தவிர, உடைந்ததன் முழு விலை அன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்காக மீனவக் குடும்பத்துக்கு வழங்கும் 8,000 ரூபாயும் நிவாரணம் என்ற பெயரில்தான் வருகிறது. இழப்பீடோ, இழப்பை உண்டாக்கியவர் அல்லது அதற்குப் பொறுப்பானவர் ஈடுசெய்தே ஆக வேண்டியது. வலையை அறுத்த படகின் மீது புகார் எழுதிவிட்டு, ‘நிவாரணம் வழங்கி உதவ வேண்டுகிறேன்’ என்று முடித்தால், உரிமையாகக் கேட்க வேண்டியதை நாமே உதவியாக மாற்றிவிடுகிறோம். இப்படி முடிந்த மனுக்கள் பலவற்றைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

மறுமொழி (கீழக்கரை, தமிழாசிரியை):
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தீங்கு என்றால் பெரும்பாலும் அதைச் செய்தவர் ஒருவர் உண்டு. ‘எனக்குத் தீங்கு செய்தான்’ என்கிறோம். கேடு மெல்லப் பரவி அழிப்பது; மதுப்புட்டியில் முன்பு ‘நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு’ என்று அச்சிட்டிருந்தது அதனால்தான் பொருத்தமாக இருந்தது. பாதகம் முன்பு பெரும்பாவத்தைக் குறித்தது. பஞ்சமாபாதகம் என்பதில் அப்பொருள் இன்றும் இருக்கிறது. சாதகத்தின் இணையாக வரும்போதோ அது வெறும் பிரதிகூலம். எனவே ஒரு விதி தொழிலுக்கு ஒத்துவரவில்லை என்றால் ‘பாதகமாக உள்ளது’ என்று எழுதலாம். வலையை அறுத்ததை அப்படி எழுதினால் குற்றம் வலுவிழந்துவிடும்.

‘வலை பாதிக்கப்பட்டது’ என்ற தொடரில் அறுத்தவர் எங்கே இருக்கிறார்? தமிழில் எழுவாயை விட்டுவிட்டாலும் வாக்கியம் நிற்கும் என்பதால் இந்த மறைவு நம் கண்ணில் படுவதில்லை. ‘இன்ன பதிவெண் கொண்ட விசைப்படகு என் வலையை அறுத்தது, அதனால் எனக்கு இத்தனை ரூபாய் இழப்பு ஏற்பட்டது’ என்று செய்தவரை முன்னே நிறுத்தி எழுதப் பழக்குங்கள்.

மறுமொழி (தொண்டி):
அம்மா சொல்வது சரியே. ஆயினும் பாதிப்பு என்ற சொல்லை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. வாரக்கணக்கில் கடலுக்குப் போகாத வீட்டில் பிள்ளையின் படிப்பு நிற்பதையும், வட்டிக்கு வாங்கிய கடன் ஏறுவதையும் சேதம் என்றோ நட்டம் என்றோ எழுத முடியாது. அங்கே பாதிப்பே உரிய சொல்.

செய்தவரை மறைக்கும் வழக்கம் மனுவோடு நிற்பதில்லை. ‘பின்தங்கியவர்’ என்றால் தாமே பின்னால் நின்றுவிட்டவர் போலத் தோன்றுகிறது. ‘பிற்படுத்தப்பட்டவர்’ என்றால் பின்னுக்குத் தள்ளிய கை ஒன்று இருந்தது என்பது சொல்லிலேயே தெரிகிறது. தமிழ்நாட்டு அரசு சாதிப் பட்டியலுக்குப் பின்னதையே ஆள்கிறது. நம் இராமநாதபுரம் மாவட்டத்தையோ வெகுகாலம் பின்தங்கிய மாவட்டம் என்றார்கள். 2018-இல் மத்திய அரசின் திட்டம் ஒன்றில் விருதுநகரைப் போலவே இதையும் சேர்த்த பிறகு, ‘முன்னேற விழையும் மாவட்டம்’ என்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் ஊரைப் பற்றி எழுதும்போது அந்தப் பெயரை நான் எடுப்பதில்லை. எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பதை எழுதி, அதைத் தர வேண்டிய அலுவலகத்தின் பெயரையும் சேர்த்து எழுதுகிறேன்.