அவசர உதவி: ப்ராமிசிஃபை செய்த க்வெரி மட்டும் டைப்காஸ்ட் எரர் அடிக்கிறது

மணல்மேடு:
பழைய கால்பேக் கோடை (வேலை முடிந்ததும் கூப்பிட ஒரு ஃபங்ஷனைக் கொடுக்கிற முறை) அசிங்க்-அவெய்ட்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். நோடு.ஜேஎஸ்ஸின் யுடில் மாட்யூலில் இருக்கிற, கால்பேக் ஃபங்ஷனை ப்ராமிஸ் தருகிறதாக மாற்றும் ப்ராமிசிஃபைதான் பயன்படுத்துகிறேன். ஃபைல் படிக்கிற இடத்தில் ஒழுங்காக ஓடுகிறது. டேட்டாபேஸ் க்வெரியில் மட்டும் "கேனாட் ரீட் ப்ராப்பர்ட்டீஸ் ஆஃப் அன்டிஃபைன்ட் (ரீடிங் டைப்காஸ்ட்)" என்று விழுகிறது. அதே க்வெரியைக் கால்பேக்கோடு கூப்பிட்டால் ஓடுகிறது. இன்றைக்குள் முடித்தாக வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

தறி:
எந்த டேட்டாபேஸ், எந்த பேக்கேஜ்? நோடு வெர்ஷன் என்ன? ப்ராமிசிஃபைக்குள் எதைக் கொடுத்தீர்கள்? அந்த ஒரு வரியையாவது போடுங்கள்.

செம்பருத்தி77:
நோடு பழசாக இருக்கும் சகோ. ப்ராமிசிஃபை 8-இல்தான் வந்தது. முதலில் அப்டேட் செய்து பாருங்கள்.

இரவுப்பறவை:
8-க்கு முந்தையது என்றால் அந்த ஃபங்ஷனே இருக்காது, வேறு எரர் வரும். "ரீடிங்" என்று கடைசியில் சொல்கிற வாசகம் நோடு 16 காலத்தில்தான் வந்தது. எரரைப் பார்த்தாலே தெரிகிறது, வெர்ஷன் காரணம் இல்லை.

மணல்மேடு:
மைஎஸ்க்யூஎல் பேக்கேஜ், பழையது, மைஎஸ்க்யூஎல்2 இல்லை. கான் என்பது டேட்டாபேஸ் கனெக்‌ஷன். வரி இதுதான்: க்வெரி = ப்ராமிசிஃபை(கான்.க்வெரி)

நெடுநாள்:
இந்தக் கேள்விக்கு இங்கேயே பலமுறை பதில் எழுதியாயிற்று. தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் திஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அசிங்க் எழுத வந்தால் இப்படித்தான் ஆகும். பைண்ட் என்ன செய்கிறது என்று படித்துவிட்டு வாருங்கள்.

தறி:
படிக்கச் சொல்வது சரி, எதற்காக என்றும் சொல்லலாமே நெடுநாள்.

மணல்மேடு, கான்.க்வெரி என்று எடுத்துக் கொடுத்தால் ஃபங்ஷன் மட்டும் கழன்று வருகிறது. புள்ளிக்கு முன்னால் இருந்த கான் கூடவே வராது. கான்.க்வெரி என்று நேராகக் கூப்பிட்டால் அந்தக் கான்தான் ஃபங்ஷனுக்குள் திஸ். அந்த பேக்கேஜ் உள்ளே திஸ்.கான்ஃபிக்.டைப்காஸ்ட் என்று தேடுகிறது. அந்த ஃபைல் ஸ்ட்ரிக்ட் மோடில் (ஜாவாஸ்கிரிப்டின் கறார் முறை) இல்லை, அதனால் திஸ் குளோபல் ஆப்ஜெக்டாகிவிடுகிறது. குளோபலில் கான்ஃபிக் கிடையாது, அது அன்டிஃபைன்ட். அதற்குள் டைப்காஸ்ட்டைத் தேடும்போது விழுகிறது. ஃபைல் படிக்கிற ரீட்ஃபைலுக்குத் திஸ் தேவையே இல்லை, அதனால்தான் அங்கே தப்பித்தீர்கள்.

திஸ் எப்போதும் கான்தான் என்று கட்டிவைப்பது பைண்ட். மாற்ற வேண்டியது: க்வெரி = ப்ராமிசிஃபை(கான்.க்வெரி).பைண்ட்(கான்)

ஒன்று கவனியுங்கள். கால்பேக்கில் எரர், ரிசல்ட்ஸ், ஃபீல்ட்ஸ் என்று மூன்று வரும். ப்ராமிசிஃபை எரருக்கு அடுத்த ஒன்றைத்தான் தரும், ஃபீல்ட்ஸ் போய்விடும். அதைப் பயன்படுத்துகிற இடம் இருந்தால் கையால் ப்ராமிஸ் எழுதுங்கள்.

செம்பருத்தி77:
உள்ளேயே பைண்ட் செய்வதுதான் சுத்தம்: ப்ராமிசிஃபை(கான்.க்வெரி.பைண்ட்(கான்)). எனக்கு இதுதான் பார்த்ததும் புரிகிறது.

இரவுப்பறவை:
க்வெரிக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அதைப் பழக்கமாக்காதீர்கள். சில ஃபங்ஷன்களுக்கு நோடு தனியாக ஒரு ப்ராமிஸ் வடிவம் வைத்து, அதற்கான குறியை அந்த ஃபங்ஷன் மேலேயே ஒட்டியிருக்கிறது. வெளிக் கமாண்டை ஓட்டுகிற, சைல்ட் ப்ராசஸின் எக்ஸெக்கை நேராக ப்ராமிசிஃபை செய்தால் எஸ்டிடிஅவுட் (கமாண்டின் வெளியீடு), எஸ்டிடிஎரர் (பிழைச் செய்திகள்) இரண்டும் ஒரே ஆப்ஜெக்டில் கிடைக்கும். முதலில் பைண்ட் செய்தால் கிடைப்பது புது ஃபங்ஷன், அந்தக் குறி அதில் ஒட்டியிருக்காது. எஸ்டிடிஅவுட் மட்டும் வெறும் ஸ்ட்ரிங்காக வரும், எரர் எதுவும் காட்டாது. டிஎன்எஸ் லுக்அப்பும் இப்படித்தான், ஐபி அட்ரஸ் வரும், ஃபேமிலி (அது ஐபி 4-ஆ 6-ஆ என்பது) போய்விடும்.

செம்பருத்தி77:
எக்ஸெக்குக்கு யார் பைண்ட் போடுவார்கள்? திஸ் தேவைப்படுகிற இடத்தில்தானே போடுவோம்.

இரவுப்பறவை:
எல்லா மெத்தடையும் லூப் போட்டு மொத்தமாக மாற்றுகிற ஹெல்ப்பர் எழுதுகிறவர்கள் போடுவார்கள். வெளியே பைண்ட் செய்தால் இந்தக் கவலையே இல்லை.

நெடுநாள்:
இவ்வளவு பேச்சு எதற்கு? மைஎஸ்க்யூஎல்2-க்கு மாறுங்கள், ப்ராமிஸ் அதிலேயே இருக்கிறது. பழைய பேக்கேஜ் மைஎஸ்க்யூஎல் சர்வர் 8-இன் டிஃபால்ட் பாஸ்வேர்ட் முறையைக்கூடப் புரிந்துகொள்ளாது.

தறி:
மாறலாம், ஆனால் இன்றைக்குள் முடிக்க வேண்டியவருக்கு அது ஆபத்து. அதன் ப்ராமிஸ் வடிவம் ரோஸ், ஃபீல்ட்ஸ் இரண்டையும் ஒரே அரேயாகத் தரும். ரிசல்ட்[0] என்று எழுதிய இடங்களில் முதல் ரோவுக்குப் பதில் மொத்த ரோஸும் வரும். எரர் வராது, ரிப்போர்ட்டில் வெற்றுக் கட்டங்கள்தான் வரும்.

மணல்மேடு:
பைண்ட் போட்டேன், டைப்காஸ்ட் போய்விட்டது. இப்போது செலக்ட் ஓடுகிறது, அப்டேட்டில் "கேனாட் என்க்யூ க்வெரி ஆஃப்டர் இன்வோக்கிங் க்விட்".

தறி:
ஃபார்-ஈச்சுக்குள் அவெய்ட் போட்டிருக்கிறீர்களா? லூப்புக்குக் கீழே கனெக்‌ஷனை மூடுகிற கான்.எண்ட் இருக்கிறதா?

மணல்மேடு:
ஆமாம், இரண்டும் இருக்கிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஸ்டாக் எவ்வளவு என்று செலக்ட், கழித்துவிட்டு அப்டேட்.

தறி:
ஃபார்-ஈச் ப்ராமிஸுக்காகக் காத்திருக்காது. எல்லா ஆர்டரின் செலக்ட்டும் வரிசையில் நிற்கும், அவற்றின் பின்னால் எண்ட் நிற்கும். செலக்ட் முடிந்து அப்டேட் வரும்போது கதவு சாத்தியாகிவிட்டது. ஃபார்-ஆஃப் லூப்புக்கு மாற்றுங்கள். எண்டை, எரர் வந்தாலும் ஓடுகிற ஃபைனலியில் வையுங்கள், அதையும் ப்ராமிசிஃபை செய்து பைண்ட் போட்டு அவெய்ட் செய்யுங்கள்.

செம்பருத்தி77:
எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கி ப்ராமிஸ்.ஆல் போட்டுக் காத்திருந்தால் வேகமாக முடியுமே?

தறி:
ஒரே கனெக்‌ஷனில் க்வெரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும், வேகம் கூடாது. இங்கே கணக்கும் தப்பாகும். ஸ்டாக் 10 இருக்கிறது, ஒரே பொருளுக்கு இரண்டு ஆர்டர், ஆளுக்கு 3 என்று வையுங்கள். இரண்டு செலக்ட்டும் முதலில் ஓடி இரண்டும் 10 என்று படிக்கும். இரண்டு அப்டேட்டும் 7 என்று எழுதும். இருக்க வேண்டியது 4.

ஃபார்-ஆஃபில் இந்த ஸ்கிரிப்ட் அளவில் சரியாகிவிடும். ஆனால் அதே நேரம் வேறொரு ப்ராசஸ் ஓடினால் திரும்ப இதே கதிதான். செலக்ட்டையே எடுத்துவிடுங்கள். அப்டேட்டில் ஸ்டாக் = ஸ்டாக் - 3 என்று எழுதி, வேர் பகுதியில் பொருளின் ஐடியோடு ஸ்டாக் >= 3 என்றும் சேருங்கள். திரும்பி வருகிற ரிசல்ட்டில் அஃபெக்டட்ரோஸ் (அப்டேட் தொட்ட ரோக்களின் எண்ணிக்கை) 0 என்றால் போதிய சரக்கு இல்லை.

மணல்மேடு:
ஃபார்-ஆஃப் போட்டேன், ஓடுகிறது. நன்றி சகோ.

தறி:
அப்டேட்டையும் மாற்றினீர்களா? முதலில் பழைய லூப்பில் ஓட்டியபோது ஏதாவது அப்டேட் உள்ளே போயிருக்கிறதா என்று ஸ்டாக் டேபிளையும் ஒருமுறை பாருங்கள்.