ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் இரண்டாவது ஸ்கோப்பும் போகிற மாதிரி இருக்கிறது, மூன்றாவது எது வாங்கலாம்?

வாடிப்பட்டி தோப்பு

வணக்கம். என்னிடம் இருப்பது பேரலை மடக்கி ஏற்றும் .177 (4.5 மி.மீ.) ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். தோப்பில் மண்மேட்டுக்கு முன்னால் அட்டையை நட்டு 20 மீட்டரில் சுடுவேன், அதுவும் காலை ஆறரைக்குள், காற்று எழும்புவதற்கு முன்னால். லென்ஸ் இல்லாத ஓப்பன் சைட்டில் குறி பார்த்தால் ஐந்து பெல்லட்டும் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் விழும். வயது 48, முன் சைட் மங்கலாகத் தெரிய ஆரம்பித்ததால் 3-9x40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்று வாங்கினேன். "நிஜத் துப்பாக்கிக்கே போடுவது, இதற்கு என்ன ஆகப்போகிறது" என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் உள்ளே கிராஸ்ஹேர், அதாவது குறி பார்க்கும் கூட்டல் கோடு, சாய்ந்துவிட்டது, ஆட்டினால் கடகடவென்று சத்தம் வேறு. இரண்டாவது ஸ்கோப் ஏர் ரைஃபிளுக்கென்றே பார்த்து வாங்கியது. அதுவும் இன்றைக்கு நடுவில் அடிக்கிறது, நாளைக்கு இரண்டு இஞ்ச் கீழே. குறியை மேலே கீழே நகர்த்தும் மேல் குமிழைத் திருகித் திருகி இப்போது கடைசிக்கு அரைச் சுற்றுதான் பாக்கி. பிஸ்டலுக்குப் போடுகிற ஸ்கோப் எவ்வளவு பெரிய உதையையும் தாங்குமாமே, அதைப் போடலாமா? இன்னொரு தடவை காசைக் கொட்ட மனசு வரவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலூர் அண்ணாமலை

முதலில் ஸ்டாக் (துப்பாக்கியின் கட்டை) ஸ்குரூ எல்லாவற்றையும் பாருங்கள் அண்ணே. எனக்கு அதுதான் லூசாகி இருந்தது, நான் ஸ்கோப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கப்பலூர் லேத்

தோப்பு அண்ணே, மூன்றாவது வாங்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். ஓப்பன் சைட்டில் நாணயத்துக்குள் விழுகிறது என்றால் பேரலும் பெல்லட்டும் உங்கள் கையும் சரி, கோளாறு அதற்கு மேலேதான்.

ஸ்பிரிங் ரைஃபிள் இரண்டு தடவை உதைக்கும். ட்ரிகர் விழுந்ததும் பிஸ்டன் முன்னால் பாயும், அதனால் துப்பாக்கி பின்னால் வரும். அந்தப் பிஸ்டன் சிலிண்டர் முனையில் இறுகிய காற்றில் முட்டி நிற்கும்போது மொத்தத் துப்பாக்கியும் முன்பக்கம் வெடுக்கென்று வெட்டும். இந்த இரண்டாவது வெட்டுதான் ஸ்கோப்பைக் கொல்வது. தோட்டாத் துப்பாக்கியின் ஸ்கோப்பை பின்னால் வரும் உதைக்குத்தான் கட்டியிருப்பார்கள், உள்ளே இருக்கிற லென்ஸும் ஸ்பிரிங்கும் எதிர்ப்பக்க வெட்டுக்குப் பழகியதில்லை. உங்கள் முதல் ஸ்கோப் அப்படிப் போனதுதான்.

இரண்டாவது செத்துவிட்டது என்று நான் நம்பவில்லை. இரண்டு சந்தேகம் எனக்கு. ஒன்று, மவுண்ட் நகர்கிறது, அதாவது ஸ்கோப்பை ரிங்கால் பிடித்து துப்பாக்கி மேலிருக்கிற ரயிலில் கடித்து நிற்கும் பிடி. துப்பாக்கி முன்னால் வெட்டும்போது ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், அதனால் ரயிலில் அது பின்பக்கமாக ஊரும். வீட்டில் நெயில் பாலிஷ் இருந்தால் மவுண்டும் ரயிலும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு 30 பெல்லட் சுட்டுப் பாருங்கள், கோடு உடைந்தால் தெரிந்துவிடும். இரண்டு, குமிழைக் கடைசி வரை ஏற்றிவிட்டீர்கள். அந்த முனையில் உள்ளே குழாயைத் தாங்கும் ஸ்பிரிங்குக்கு அழுத்தம் குறைந்துவிடும், குழாய் ஒவ்வொரு உதைக்கும் ஆடும், பெல்லட் இஷ்டத்துக்குப் போகும். மடக்கும் பேரல் பல துப்பாக்கிகளில் லேசாகத் தொங்கும், குமிழ் அவ்வளவு தூரம் ஏற வேண்டி வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

அப்புறம், உதை கூடினாலும் பரவாயில்லை, வேகம் கூட்டலாம் என்று யாராவது கனமான ஸ்பிரிங் போடச் சொன்னால் கேட்காதீர்கள். 2016 ஆயுத விதிகளின்படி குழல் 4.5 மி.மீ., பெல்லட்டின் சக்தி 20 ஜூல் வரைதான் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம், ஸ்கோப்பும் இன்னும் சீக்கிரம் போகும்.

ஹூஸ்டன் திருமங்கலம்

பிஸ்டல் ஸ்கோப் கேட்டீர்கள் அல்லவா, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், இங்கே .44 மேக்னம் ரிவால்வரில் எட்டு வருடமாக ஸ்கோப் வைத்துச் சுடுகிறேன். உங்கள் ரைஃபிளுக்கு அது ஆகாது. கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கிற கருவி அது, கண்ணிலிருந்து ஒன்று, ஒன்றரை அடி தள்ளி இருந்தால்தான் படம் முழுசாகத் தெரியும். ரைஃபிள் ஸ்கோப்புக்கு மூன்று நான்கு இஞ்ச். கன்னத்தை ஸ்டாக்கில் வைத்தால் உங்களுக்குக் கறுப்பு வளையம்தான் தெரியும். உதையும் வேறு ஜாதி. இங்கே துப்பாக்கி பின்னால் பாயும், ஸ்கோப் ரிங்குக்குள் முன்பக்கம் நழுவும், உங்களுக்கு நேர் எதிர்.

நானும் முதலில் பெரிய வேரியபிள் (பெரிதாக்கும் அளவை மாற்றக்கூடிய) ஸ்கோப்பை இரண்டு அலுமினிய ரிங்கில் வைத்தேன். ஒரு மாலையில் நாற்பது தோட்டா சுட்டு வந்து பார்த்தால் குழாயில் ரிங் இழுத்த கீறல், ரிங் உட்காரும் அடித்தட்டைப் பிடித்த சின்ன ஸ்குரூ ஒன்று தலை அறுந்து கையில் வந்தது. கனம் கூடினால் அத்தனை சுமையும் அந்த ஸ்குரூவில்தான் விழும். இப்போது குட்டியான 2x ஸ்கோப், மூன்று ஸ்டீல் ரிங், குறுக்கு வெட்டு உள்ள ரயில். குறுக்கு போல்ட்டை வெட்டின் முன்சுவரில் முட்டத் தள்ளிவிட்டு இறுக்குவேன், அப்போது உதையை ரயில் சுவர் வாங்கும். ரூகர் சூப்பர் ரெட்ஹாக் என்கிற ரிவால்வர் 1987-இல் வந்தபோதே ரிங் உட்காரும் வெட்டைச் சட்டத்திலேயே வைத்துவிட்டார்கள், அடித்தட்டே தேவையில்லை. கனமில்லாத ஸ்கோப்பும் முட்டுக் கொடுக்கிற சுவரும் உங்களுக்கும் வேண்டும், ஆனால் முட்டு பின்பக்கம்.

வாடிப்பட்டி தோப்பு

கோடு போட்டுச் சுட்டேன். 22-வது பெல்லட்டுக்கே கோடு இரண்டாகிவிட்டது. கழற்றிப் பார்த்தால் ரயிலின் கறுப்புப் பூச்சில் மூன்று மில்லிமீட்டர் நீளத்துக்குப் பளபளவென்று கீறல், பின்பக்கமாக. லேத் தம்பி சொன்னது அப்படியே. ஸ்டாக் ஸ்குரூ முன்னது ஒன்றும் கால் சுற்று லூஸ். ரயிலின் பின்முனையில் மூன்று சின்னக் குழி இருக்கிறது, அது எதற்கு?

கப்பலூர் லேத்

அதற்குத்தான் அண்ணே அந்தக் குழி! பின் மவுண்ட்டின் அடியில் ஒரு குட்டி ஸ்குரூ இருக்கும், ஸ்டாப் பின். அதைக் கீழே இறக்கி அந்தக் குழிக்குள் உட்கார வையுங்கள், பின்சுவரில் முட்டட்டும். குழி இல்லாதவர்கள் மவுண்டுக்குப் பின்னால் தனியாக ஸ்டாப் பிளாக் கடித்துக்கொள்ள வேண்டும்.

11 மி.மீ. ரயில்தானே? ரயிலையும் ரிங்கின் உட்பக்கத்தையும் தின்னர் தொட்ட துணியால் எண்ணெய் இல்லாமல் துடையுங்கள். ரிங் ஸ்குரூவை மாற்றி மாற்றி, எல்-கீயின் குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து இறுக்கினால் போதும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 15 முதல் 18 இஞ்ச்-பவுண்ட். வெறி பிடித்து இறுக்கினால் குழாய் நசுங்கும்.

பிறகு குமிழை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு கிளிக் எண்ணித் திருகி, பாதியில் நிறுத்துங்கள். சுட்டு எவ்வளவு கீழே போகிறது என்று அளந்து சொல்லுங்கள்.

வாடிப்பட்டி தோப்பு

9 செ.மீ. கீழே. இரண்டு ரிங்குக்கும் நடுவில் 10 செ.மீ.

கப்பலூர் லேத்

வீட்டில் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இருக்குமே, ரிங் அகலத்துக்கு இரண்டு துண்டு வெட்டி பின் ரிங்கின் அடிப்பாதியில், குழாய்க்குக் கீழே வையுங்கள். ஒரு ஃபிலிம் சுமார் 0.2 மி.மீ. உங்கள் ரிங் இடைவெளிக்கு அது 20 மீட்டரில் 4 செ.மீ. ஏற்றிவிடும், இரண்டுக்கு 8. மிச்சத்தைக் குமிழில் ஏழெட்டு கிளிக்கில் சரி செய்யலாம். மூன்றாவது துண்டு வைக்காதீர்கள், குழாய் வளையும், அதற்கு மேல் தேவைப்பட்டால் சாய்வு மவுண்டுதான் வாங்க வேண்டும்.

வாடிப்பட்டி தோப்பு

அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரேயில் ஓரத்தை வெட்டி வைத்தேன். மூன்று நாளில் 180 பெல்லட், நெயில் பாலிஷ் கோடு முடிகூட நகரவில்லை. இன்று காலை ஐந்தில் நான்கு நாணயத்துக்குள், ஒன்று மட்டும் ஒரு விரல் தள்ளி. மூன்றாவது ஸ்கோப் வாங்கவில்லை, ரொம்ப நன்றி தம்பி. திருமங்கலத்து அண்ணனுக்கும் நன்றி. அந்த ஒன்று ஏன் வெளியே போகிறது?

மேலூர் அண்ணாமலை

முன்கையில் இறுக்கிப் பிடிக்காதீர்கள் அண்ணே, உள்ளங்கையில் சும்மா கிடக்கட்டும், துப்பாக்கி இஷ்டத்துக்கு ஆடட்டும். ஒவ்வொரு தடவையும் கை ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அந்த முன் ஸ்டாக் ஸ்குரூவில் நீல நிறத் திரெட்லாக் (ஸ்குரூ லூசாகாமல் பிடிக்கிற பசை) ஒரு சொட்டு விடுங்கள்.