அம்மாவின் குதிக்காலில் மெலனோமா: கவட்டுக் கணுவை எடுத்துப் பார்க்க விடுவதா?

வெள்ளவத்தை_மகள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. வலது குதிக்காலில் ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. கால் ஆணி என்று நினைத்து, ஒரு வருடமாக பார்மசியில் ஆணிப் பிளாஸ்டர் வாங்கி ஒட்டிக்கொண்டிருந்தார். திட்டு ஒரு பக்கமாகப் படரத் தொடங்கிய பிறகுதான் எங்களிடம் காட்டினார். வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ரிப்போர்ட்டில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய், தடிப்பு 1.4 மில்லிமீற்றர், மேலே புண்ணாகவில்லை என்று இருக்கிறது.

சேர்ஜன் இரண்டு வேலை சொல்கிறார். வெட்டிய இடத்தைச் சுற்றி இன்னும் அகலமாக எடுப்பது ஒன்று. அதே மயக்கத்திலேயே கவட்டில் இருந்து முதல் நிணநீர்க் கணுவை எடுத்துப் பரிசோதிப்பது மற்றது. அண்ணா முதலாவதுக்குச் சரி, இரண்டாவதுக்கு முடியாது என்று நிற்கிறார். "நெறி கட்டவில்லை, கையால் தொட்டுப் பார்த்தாலும் ஒன்றுமில்லை, ஸ்கானிலும் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் ஏன் கத்தி வைக்க வேண்டும்?" என்று கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை கிளினிக். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெஹிவளை_ரவி

தங்கச்சி, உங்கள் அண்ணா சொல்வதுதான் சரி. என் மாமாவுக்கும் இதே நோய், தொடையில் வந்தது. பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. கவட்டில் இருந்த கணுக்கள் எல்லாவற்றையும் வழித்து எடுத்தார்கள். பரிசோதனையில் அத்தனையும் சுத்தம். ஆனால் கால் வீங்கினது வீங்கினதுதான். காலையில் எழுந்தவுடன் கணுக்காலில் இருந்து தொடை வரை பண்டேஜ் சுற்றுவார், மாமிதான் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காற்சட்டை போட முடியாமல் சாரத்தோடேயே வேலைக்குப் போய், கடைசியில் வேலையையும் விட்டார். நோய் அவரை ஒன்றும் செய்யவில்லை, வைத்தியம்தான் செய்தது. அம்மாவை அந்த நிலைக்கு விடாதீர்கள்.

பழைய_தாதி

ரவி தம்பி, மாமா பட்ட பாட்டை நானும் வாட்டில் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் அவருக்குச் செய்தது வேறு, இந்தப் பிள்ளையின் அம்மாவுக்குச் சொல்லியிருப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் அந்தப் பிள்ளை பயந்து பிழையான முடிவு எடுத்துவிடும்.

காலில் முள்ளுக் குத்தினால் கவட்டில் நெறி கட்டும் என்று எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஏன் கட்டுகிறது? பாதத்தில் இருந்து வரும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் இடம் அது. புற்றுநோய்க் கலமும் நகர வெளிக்கிட்டால் பெரும்பாலும் அந்த வழியால்தான் போகும். வழியில் முதலாவதாக நிற்கும் ஒன்றிரண்டு கணுவை மட்டும் எடுத்துப் பார்ப்பதுதான் இந்தச் சோதனை. அமெரிக்காவில் டொனால்ட் மோர்டன் என்ற சேர்ஜன் 1992இல் இந்த முறையை எழுதி வெளியிட்டார். அதற்கு முன்னர் மாமாவுக்குச் செய்தது போல முழுக்க வழிப்பது, இல்லாவிட்டால் நெறி கட்டும் வரை காத்திருப்பது, இந்த இரண்டு வழிதான் இருந்தது.

நான் தியேட்டரில் பார்த்தவை பெரும்பாலும் மார்புப் புற்றுநோய்க்குச் செய்தவை. செய்முறை அதேதான். கட்டி இருந்த இடத்தில் கதிரியக்க மருந்தைக் கொஞ்சம் ஊசியால் போடுவார்கள், டெக்னீசியம் என்பார்கள். 6 மணித்தியாலத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும், அதனால் ஊசியும் சத்திரசிகிச்சையும் கிட்டக் கிட்ட நடக்க வேண்டும். மயக்கிய பிறகு அதே இடத்தில் நீல மையும் போடுவார்கள். சேர்ஜன் கதிரியக்கத்தைக் கண்டறியும் கருவியைத் தோலுக்கு மேலே நகர்த்திக்கொண்டு போவார். கணு இருக்கும் இடம் வந்ததும் கீச்கீச்சென்று சத்தம் கூடும். அங்கே சின்னதாக வெட்டினால் நூல் போல ஒரு நீலக் கோடு தெரியும், அதன் முனையில் கடலை அளவில் கணு நீலமாக இருக்கும். அதை எடுத்து, வெட்டிய இடத்தைத் தைத்துவிடுவார்கள். அடுத்த நாள் அம்மாவின் சிறுநீர் பச்சையாகப் போனால் பயப்பட வேண்டாம், அந்த மைதான்.

எண்_கேட்பவன்

தாதியம்மா அழகாக விளங்கப்படுத்தினார். ஆனால் எப்படிச் செய்வார்கள் என்பது ஒரு கேள்வி, செய்தால் ஆள் கூடக் காலம் இருப்பாரா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதை யாரும் தொடவில்லை.

இதற்கென்றே பெரிய ஆய்வு நடந்தது. 1994இல் தொடங்கி 2014இல் இறுதி முடிவு வந்தது. அதை நடத்தியவரும் அதே மோர்டன்தான். தடிப்பு 1.2 முதல் 3.5 மில்லிமீற்றர் வரை உள்ளவர்களைச் சீட்டுப்போட்டுப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு அகலமாக வெட்டியதோடு கணுச் சோதனை. மற்றப் பகுதிக்கு வெட்டியது மட்டும், நெறி கட்டினால் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். 10 வருடத்தின் பின் மெலனோமாவால் இறக்காதவர்கள்: சோதனை செய்த பக்கத்தில் 81.4 வீதம், செய்யாத பக்கத்தில் 78.3 வீதம். அந்த இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதே புள்ளிவிபரத் தீர்ப்பு. ஆகவே உயிரைக் காப்பாற்றும் சோதனை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மருத்துவபீட_மாணவி

எண்_கேட்பவன் அண்ணா, அந்த ஆய்வில் நீங்கள் சொல்லாமல் விட்ட பகுதியும் உண்டு. கணுவில் நோய் இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், சோதனையில் முன்பே பிடிபட்டவர்களில் 62.1 வீதம் 10 வருடம் தாண்டினார்கள். நெறி கட்டிய பிறகு பிடிபட்டவர்களில் 41.5 வீதம்தான்.

எண்_கேட்பவன்

தங்கச்சி, அந்த ஒப்பீட்டை நானும் வாசித்தேன், வேண்டுமென்றேதான் விட்டேன். அது சீட்டுப்போட்டுப் பிரித்த இரண்டு குழு இல்லை. சோதனையில் பிடிபடும் மிகச் சின்னப் படிவுகளில் சில வாழ்நாள் முழுக்க வளராமலே கிடந்திருக்கும். அவற்றையும் முன்பே பிடித்தோம் என்ற கணக்கில் சேர்த்தால் அந்தப் பக்கம் இயல்பாகவே நன்றாகத் தெரியும். சீட்டுப்போட்ட கணக்கைத்தான் நான் நம்புவேன்.

மருத்துவபீட_மாணவி

அது நியாயமான எதிர்ப்பு, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் இதை ஒரு சிகிச்சையாக வைத்து அளக்கிறீர்கள். இது நோய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அறியும் சோதனை. அக்காவின் அம்மாவுக்குக் கணு சுத்தமாக இருந்தால் நோய் ஒன்றாம் கட்டம். கணுவில் நோய் இருந்தால், வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் மூன்றாம் கட்டம். 1.4 மில்லிமீற்றர் என்பதைப் பேசத் தேவையில்லாத சின்ன அளவு என்று தள்ள முடியாது. 0.8க்குக் குறைவாக, புண்ணில்லாமல் இருந்தால் பொதுவாக இந்தச் சோதனையே வேண்டாம் என்று விடுவார்கள். 1 மில்லிமீற்றரைத் தாண்டினால் நோயாளியோடு பேசிச் செய்யச் சொல்வார்கள்.

ஸ்கானில் ஒன்றுமில்லை என்ற அண்ணாவின் பேச்சுக்கும் பதில் இதில் இருக்கிறது. கணுவுக்குள் அரை மில்லிமீற்றர் படிவு இருந்தால் எந்த ஸ்கானிலும் தெரியாது, கையிலும் தட்டுப்படாது. மெல்லிய சீவல்களாக வெட்டி, நிறமேற்றி, நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் தெரியும். அதனால் முடிவும் அன்றே வராது, நாள் எடுக்கும்.

இன்னொன்று, மிக முக்கியம். இதைப் பிறகு யோசிக்கலாம் என்று தள்ளிப் போட முடியாது. குதிக்காலை அகலமாக வெட்டிவிட்டால் அங்கிருந்து நிணநீர் ஓடும் பழைய வழி குழம்பிவிடும். அதற்குப் பிறகு ஊசி போட்டுத் தேடினால் கிடைக்கும் கணு உண்மையான முதல் கணுவாக இல்லாமல் போகலாம். அகல வெட்டுக்கு இப்போது ஓம், கணுவுக்குப் பிறகு பார்ப்போம் என்பது கிட்டத்தட்ட வேண்டாம் என்பதற்குச் சமம்.

வெள்ளவத்தை_மகள்

இதை யாரும் எங்களுக்கு இப்படிச் சொல்லவில்லை. அண்ணா முதலில் காலை முடிப்போம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றுதான் இருந்தார். நன்றி தங்கச்சி.

எண்_கேட்பவன்

அந்தக் கடைசி விஷயத்தில் மாணவி சொன்னது உண்மை, அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த கட்டப் பிரிப்பின்படி, அம்மாவின் அளவில் கணு சுத்தம் என்றால் 5 வருடத்தில் மெலனோமாவால் இறக்காதவர்கள் 97 வீதம். கணுவில் சின்னதாக இருந்தால் 93 வீதம். இந்த நாலு வீத வித்தியாசத்தை அறிய ஒரு வெட்டு. அறிந்த பிறகு? வெளிநாட்டில் என்றால் மூன்றாம் கட்டத்துக்கு நோயெதிர்ப்பு மருந்து ஒரு வருடம் ஏற்றுவார்கள். அந்த மருந்தை இங்கே சொந்தக் காசில் வாங்க எத்தனை குடும்பத்தால் முடியும்? வீட்டை ஈடு வைத்து ஊசி போட்டவர்களை எனக்குத் தெரியும். வாங்க முடியாத மருந்துக்கு வழிகாட்டும் சோதனை ஒரு குடும்பத்தின் நித்திரையைத்தான் கெடுக்கும். நான் இதைக் கோபத்தில் எழுதவில்லை, என் வீட்டிலும் ஒரு புற்றுநோய் வந்து போனது.

பழைய_தாதி

தம்பி, உங்கள் வீட்டில் நடந்ததற்கு வருந்துகிறேன். மருந்து விலை பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தும் பிழையில்லை.

ஆனால் தெரிந்து என்ன செய்வது என்ற கேள்விக்கு மருந்து மட்டுமா பதில்? கணுவில் நோய் என்று தெரிந்தவருக்கு முதல் 2 வருடமும் 4 மாதத்துக்கு ஒருமுறை கவட்டை அல்ட்ராசவுண்ட் பண்ணிப் பார்க்கலாம், பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை. அது மகரகம அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரியிலும் முடியும், வீட்டை ஈடு வைக்கத் தேவையில்லை. தெரியாதவர் என்ன செய்வார்? முதல் ஆறு மாதம் ஒழுங்காக வருவார். பிறகு 138 பஸ்ஸில் ஏறி வந்து கியூவில் நிற்க அலுத்து, நோய்தான் இல்லையே என்று நின்றுவிடுவார். ஒரு வருடம் கழித்து முட்டை அளவு நெறியோடு வருவார். அப்படி வந்தவர்களுக்கு நான் கட்டுக் கட்டியிருக்கிறேன். அந்த நேரம் செய்ய வேண்டியிருப்பது ரவி தம்பியின் மாமாவுக்குச் செய்த அதே சத்திரசிகிச்சை.

மருத்துவபீட_மாணவி

97, 93 என்ற எண்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்களின் கணக்கில் இருந்து வந்தவை. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை. எங்களைப் போன்ற தோலில் வருவதில் அதுதான் முக்கியமான வகை. பொப் மார்லிக்கும் கால்விரல் நகத்தடியில்தான் 1977இல் கண்டுபிடித்தார்கள், 1981இல் 36 வயதில் இறந்தார். இந்த வகை அதே தடிப்பிலும் கொஞ்சம் கூடுதலாக மோசம் செய்யும். ஆகவே நாலு வீதம்தான் என்று அம்மாவின் காலுக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

தெஹிவளை_ரவி

வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு கணு எடுத்தாலும் கால் வீங்கத்தானே செய்யும்? அதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். கணுவில் நோய் என்று வந்தால் மிச்சத்தையும் வழிக்க வேண்டும் என்று நாளைக்குச் சொல்லமாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

மருத்துவபீட_மாணவி

ரவி அண்ணா, நேரான பதில்: வீங்கலாம், ஆனால் மிகக் குறைவு. 2017இல் வந்த ஆய்வில், முதல் கணுவில் நோய் இருந்த 1,900க்கு மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். மிச்சக் கணுக்களை முழுக்க வழித்தவர்களில் 24.1 வீதம் பேருக்கு வீக்கம். வழிக்காமல் ஸ்கானில் கண்காணித்தவர்களில் 6.3 வீதம். 3 வருடத்தில் மெலனோமாவால் இறக்காதவர்கள் இரண்டு பக்கத்திலும் 86 வீதம். அதற்கு முந்திய வருடம் ஜேர்மனியில் வந்த முடிவும் அதே பக்கம்தான். அதற்குப் பிறகுதான் நோய் இருந்தால் எல்லாவற்றையும் வழி என்ற பழக்கம் விட்டுப்போனது. கவடு என்பதால் அம்மாவுக்கு வீக்கம் வரும் வாய்ப்பு கமக்கட்டை விடக் கொஞ்சம் கூட. அதை நான் மறைக்கவில்லை.

தெஹிவளை_ரவி

மாமாவின் காலத்தில் இது தெரிந்திருந்தால். சரி, இந்தச் சோதனைக்கு நான் இனி எதிர்ப்பில்லை. ஆனால் மிச்சத்தை வழிக்க வேண்டாம் என்பதைச் செவ்வாய்க்கிழமை வைத்தியரின் வாயால் கேட்டுக்கொண்டு பிறகு கையெழுத்து வையுங்கள் தங்கச்சி.

பழைய_தாதி

கையெழுத்து என்றதும் ஞாபகம் வந்தது. அது அம்மாவின் கையெழுத்து. அவவுக்கு என்ன நோய் என்று சொல்லிவிட்டீர்களா?

வெள்ளவத்தை_மகள்

இல்லை அக்கா. கட்டி என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். அண்ணா சொல்லக் கூடாது என்கிறார்.

எண்_கேட்பவன்

அப்படியென்றால் இந்தத் திரியில் நாங்கள் இவ்வளவும் பேசியது அவருக்கே தெரியாத அவருடைய காலைப் பற்றி. எனக்கு இந்தச் சோதனையில் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ஆனால் வேண்டும் என்பதோ வேண்டாம் என்பதோ அவர் வாயால் வரட்டும். செய்வதென்றால் ஒன்றை மறக்காதீர்கள்: படிவு இருந்தால் அது எத்தனை மில்லிமீற்றர் என்று ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நோயெதிர்ப்பு மருந்தின் பெரிய ஆய்வு ஒன்றில், கணுவில் மட்டும் சின்னதாக இருந்தவர்களில் 1 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். அதற்குக் குறைவாக இருந்தால் கடன்பட்டு மருந்துக்கு ஓட வேண்டாம்.

வெள்ளவத்தை_மகள்

நேற்று இரவு அம்மாவிடம் சொன்னேன், அண்ணாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டு இருந்தார். அப்புறம், "ஆணிப் பிளாஸ்டருக்கு எவ்வளவு காசு கொடுத்தேன்" என்றார். கணுச் சோதனையைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். எடுக்கட்டும், இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் என்னால் இருக்க முடியாது என்றார். அண்ணா மறுபேச்சுப் பேசவில்லை. அம்மாவுக்கு ஒரேயொரு கேள்விதான்: எத்தனை நாள் காலை ஊன்றக் கூடாது? நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை.

பழைய_தாதி

கவட்டுத் தையல் இரண்டு கிழமையில் ஆறிவிடும், அதை யோசிக்க வேண்டாம். அம்மாவை வீட்டில் இருத்தப் போவது குதிக்கால்தான். 1 முதல் 2 சென்ரிமீற்றர் சுற்றி எடுத்தால் தோல் ஒட்ட வேண்டி வரலாம். ஒட்டினால் சில கிழமைக்கு அந்தக் காலில் பாரம் போடவே விடமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை போகும்போது மூன்றாம் மாடி என்பதைச் சேர்ஜனிடம் முதலிலேயே சொல்லுங்கள். கீழ்வீட்டில் யாராவது சொந்தக்காரர் இருந்தால் இப்போதே கேட்டு வையுங்கள். படியில் அம்மாவைக் கதிரையில் வைத்துத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், கைபிடி உள்ள கதிரையாக இருக்கட்டும்.