ஜான் குரோவைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஜமைக்கா நாட்டுப்புறக் கதைகள் சிலவற்றைப் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது கதையிலேயே மாட்டிக்கொண்டேன். அதில் 'ஜான் குரோ' என்று ஒரு பறவை வருகிறது, நானும் காக்கா என்று மூன்று பக்கம் எழுதிவிட்டேன், அப்புறம் படத்தைப் பார்த்தால் சிவந்த மொட்டைத் தலையும் கறுத்த உடம்புமாகப் பிணந்தின்னிக் கழுகு! அங்கே ஒரு மலைத்தொடருக்கே ஜான் குரோ மலை என்றுதான் பெயர். செத்ததை மோப்பம் பிடித்தே தேடி வருமாம். நம் ஊர்ப் பிணந்தின்னிக் கழுகுகளான பாறுகளுக்கு இதெல்லாம் நெருங்கிய சொந்தம்கூட இல்லை, அதனால் 'பாறு' என்று போடவும் கை வரவில்லை.

டிரினிடாடில் குழப்பம் இன்னும் மோசம். அங்கே தலையும் கறுப்பாக இருக்கும் வேறொரு கழுகுக்கு 'கோர்போ' என்று பெயர், பிரெஞ்சில் அண்டங்காக்கையைக் குறிக்கும் சொல். ஆக இரண்டு தீவிலும் கழுகைக் காக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஜமைக்காவின் தேசியப் பறவை, நீளமான இரட்டை வால் இறகு தொங்கும் தேன்சிட்டு மாதிரியான ஒன்று, அதற்கு 'டாக்டர் பேர்ட்' என்று பெயர். 'டாக்டர் குருவி' என்று எழுதினால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்களா?

பறவை பார்ப்பவர்கள், மொழிபெயர்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்: ஜான் குரோவை அப்படியே விட்டுவிடலாமா, 'மொட்டைக் கழுகு' போல ஏதாவது வைக்கலாமா? அங்கே வசித்தவர்கள் இருந்தால், கோர்போவை வாயால் எப்படிச் சொல்வார்கள் என்றும் எழுதுங்கள்.