ஸ்விஃப்ட் குறியீட்டைப் படிவம் ஏற்க மறுக்கிறது, அவசரம்

கேட்டவர்:
வணக்கம். நான் வெளிநாடு வந்து ஆறு வாரங்களே ஆகின்றன. அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக இன்றே பணம் அனுப்பியாக வேண்டும். அவருடைய பாஸ்புக்கில் இருக்கும் 11 எழுத்துக் குறியீட்டை பணம் அனுப்பும் படிவத்தில் ஸ்விஃப்ட் (பன்னாட்டு வங்கிக் குறியீடு) என்ற கட்டத்தில் இட்டால், நான்கு முறையும் 'செல்லாத குறியீடு' என்றே வருகிறது. என்ன செய்வது?

மறுமொழி 1:
தம்பி, எங்கிருந்து, எந்த வங்கிக்கு என்று நீங்கள் சொல்லவே இல்லை. எப்படியானாலும், கட்டணத்தை யார் ஏற்பது என்ற கட்டத்தை முதலில் கவனியுங்கள். நான் வந்த புதிதில் 'பகிர்வு' என்று குறித்துவிட்டேன். இடையில் இருந்த வங்கி தன் பங்கைக் கழித்துக்கொண்டதால் தொகை குறைந்து போய்ச் சேர, அந்தச் சொற்பக் குறையை அனுப்ப மறுபடியும் முழுக் கட்டணம் கட்டினேன்.

மறுமொழி 2:
முழுக் கட்டணத்தையும் நாமே ஏற்பது வீண் செலவு. குறியீட்டுக்கு 8 எழுத்துகள் போதும். கடைசி மூன்றை நீக்கிவிடுங்கள்.

மறுமொழி 3:
நீக்காதீர்கள்! நான் அப்படி நீக்கி அனுப்பிய பணம் ஒன்பது நாள் எங்கே கிடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தொலைபேசியில் வங்கிக்காரர்கள் ஒலிக்கவிடும் இசை எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

மறுமொழி 4:
நம் கதைகள் இருக்கட்டும். அந்தக் குறியீட்டின் ஐந்தாவது இடத்தில் சுழியம் இருக்கிறதா?

கேட்டவர்:
ஆம், சுழியம்தான்.

மறுமொழி 4:
அப்படியானால் அது இந்தியாவுக்குள் பணம் அனுப்பப் பயன்படும் ஐஎஃப்எஸ்சி. அதுவும் ஸ்விஃப்டும் வங்கியைக் குறிக்கும் நான்கு எழுத்துகளில் தொடங்குவதாலும், இரண்டும் 11 இடம் வரை நீள்வதாலும் கண் ஏமாந்துவிடுகிறது. ஸ்விஃப்டில் 5, 6ஆம் இடங்கள் நாட்டுக்கு உரியவை. இந்தியா என்றால் ஐ, என் (IN). அடுத்த இரண்டு இருப்பிடம், கடைசி மூன்று கிளை. அந்த மூன்று இல்லாவிட்டாலும், மூன்று எக்ஸ் இருந்தாலும் தலைமை அலுவலகம் என்று பொருள். ஆகவே நீக்குவதா வேண்டாமா என்ற சண்டை இங்கே தேவையில்லை. எல்லாக் கிளைக்கும் தனி ஸ்விஃப்ட் இருக்காது. வெளிநாட்டுப் பணத்துக்கு எந்தக் குறியீடு என்று அப்பாவின் கிளையிலேயே கேளுங்கள். ஐபான் எனப்படும் பன்னாட்டுக் கணக்கு எண்ணில் உள்ளதுபோலப் பிழையைக் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்கள் ஸ்விஃப்டில் இல்லாததால், தவறாக இட்ட குறியீடு வேறொரு வங்கியுடையதாக இருந்தாலும் படிவம் ஏற்றுக்கொள்ளக்கூடும். அனுப்பியதும் யூஇடிஆர் எனப்படும் 36 எழுத்துத் தட எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் எங்கே நிற்கிறது என்பதை வங்கிகள் அதை வைத்தே தேடுகின்றன.

கேட்டவர்:
கிளையில் தந்த குறியீட்டில் ஐ, என் இருக்கிறது, படிவமும் ஏற்றுக்கொண்டது. இப்போது 'இடைநிலை வங்கி' என்று ஒரு கட்டம் வருகிறது.

மறுமொழி 4:
கிளையில் எதுவும் தரவில்லை என்றால், கட்டாயம் என்ற குறியும் அங்கே இல்லை என்றால், வெற்றாக விடுங்கள்.