சமோவாவுல ‘வெள்ளை ஞாயிறு’க்கு சர்ச்சுக்கு கூப்பிட்டிருக்காங்க, எப்படி போறது?

ஆப்பியா_செல்வா:
மக்களே, சமோவா தலைநகர் ஆப்பியாவுக்கு வேலைக்கு வந்து நாலு மாசம் ஆச்சு. வர்ற அக்டோபர் ரெண்டாவது ஞாயிறு இங்க ‘லோத்து தமாயிதி’, அதான் வெள்ளை ஞாயிறு, பிள்ளைங்களுக்கான திருநாள், மறுநாள் திங்கக்கிழமையும் லீவு. பக்கத்து வீட்டம்மா சர்ச்சுக்கு வா, மதியம் நம்ம வீட்லதான் சாப்பாடுன்னுட்டாங்க. நான் ஊர்ல மாதா கோயில் தேர் பாத்ததோட சரி, உள்ள போயி உக்காந்ததே இல்ல. என்ன போடணும், கையில என்ன கொண்டு போகணும்? போதாக்குறைக்கு சைவம் வேற. எதிர் வீட்டுப் பிள்ளைங்க தினமும் சாயங்காலம் ஒரே பாட்டை ஒத்திகை பாத்து பாத்து எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.

சவாயி_ரிட்டர்ன்:
கண்டிப்பா போங்க தம்பி. நான் சவாயி தீவுல ரெண்டு வருசம் இருந்தேன், 1830ல ஜான் வில்லியம்ஸ் பாதிரியார் கப்பல்ல வந்து இறங்குனது அங்கதான், சர்ச் இல்லாம அங்க ஞாயித்துக்கிழமையே கிடையாது. வெள்ளை சட்டை முக்கியம். நான் விவரம் தெரியாம நீலக் கட்டம் போட்ட சட்டையில போயி கொக்குக் கூட்டத்துல காக்கா மாதிரி உக்காந்திருந்தேன். கீழ லாவாலாவா கட்டலாம், நம்ம லுங்கிதான், பேண்ட்டும் ஓகே.

பிரசங்கத்தை விட பிள்ளைங்க ஒப்பிக்கிறதுதான் அன்னிக்கு விசேஷம். ஒரு குட்டி, நாலு வயசு இருக்கும், ரெண்டு வார்த்தை சொல்லிட்டு கவுன் நுனியை வாயில வச்சுக்கிட்டு நின்னுடுச்சு. மூணாவது பெஞ்சுலேர்ந்து பாட்டி விசிறியால வாயை மறைச்சுக்கிட்டு அடுத்த வார்த்தையை எடுத்துக் குடுக்குறாங்க, அது சர்ச் முழுக்க கேக்குது, அந்தக் குட்டி பாட்டி குரல்லயே திருப்பிச் சொல்லுச்சு பாருங்க, மொத்தப் பேரும் சிரிச்சுக்கிட்டே ‘மாலோ! மாலோ!’ன்னு ஒரே சத்தம், நம்ம சபாஷ் மாதிரி.

அப்புறம் ‘தோஓனாய்’. ஓநாய் இல்லங்க, ஞாயிறு மதியச் சாப்பாடு. மத்த நாள்ல பெரியவங்க, விருந்தாளிக்கு அப்புறம்தான் பிள்ளைங்களுக்கு. அன்னிக்கு அப்பா அம்மா பரிமாற பிள்ளைங்க முதல் பந்தி, அதனால உங்க தட்டு லேட்டா வந்தா முகம் சுளிக்காதீங்க.

ஆக்லாந்து_அக்கா:
இங்க நியூசிலாந்துல மாங்கெரே பக்கம் சமோவாக்காரங்க நிறைய, நானும் ரெண்டு தடவை போயிருக்கேன். உக்காந்திருக்கவங்க முன்னாடி நடக்கணும்னா குனிஞ்சு ‘துலோ’ன்னு (மன்னிக்கணும்னு அர்த்தம்) சொல்லிட்டு போங்க, காலை யார் பக்கமும் நீட்டாதீங்க, நம்ம பாட்டி சொல்றதேதான். சில சர்ச்சுல காணிக்கையை பேரும் தொகையுமா மைக்ல வாசிப்பாங்க, ரொம்ப கம்மியா வச்சுட்டு நெளியாதீங்க. பிள்ளைங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கிட்டு போனா போதும். கறிப்பலா, கிழங்கு எல்லாம் சைவம்தான், பலுசாமியை மட்டும் கேட்டுட்டு சாப்பிடுங்க, சிலர் உள்ள டின் மாட்டுக்கறி வைப்பாங்க.

ஆப்பியா_செல்வா:
போயிட்டு வந்துட்டேன், எல்லாருக்கும் நன்றி. பலுசாமின்னதும் பழனிச்சாமிக்கு தம்பியோன்னு நினைச்சேன், சேப்ப இலையில தேங்காப்பால் ஊத்தி சுடுகல்லு அடுப்புல வேக வச்சது, அந்தம்மா எனக்குன்னு கறி இல்லாம தனியா ரெண்டு கட்டி வச்சிருந்தாங்க. எதிர் வீட்டுப் பிள்ளைங்க பாட்டு வந்தப்போ என்னையறியாம கூடவே முணுமுணுத்துட்டேன் போல, பக்கத்துல இருந்த தாத்தா திரும்பி ஒரு பார்வை பாத்தாரு. அடுத்த வருசம் நானும் பிள்ளைங்க வரிசையில நிக்கணுமாம், அவர் முடிவே பண்ணிட்டாரு.